சபையில் எழுப்புதல் தணிகிறது, என் கணவர்தான் காரணமா?

இந்த முறை வந்த கடிதம் நீளமானது. ஊர், பெயர், சபைப் பிரிவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எழுதியிருப்பவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண், ஒரு கிராமத்துச் சபையின் செயலாளர். நாற்பது குடும்பம்கூடத் தேறாத சபை. பல வருடமாகவே அங்கே எல்லாம் கடமைக்கு நடந்துகொண்டிருந்தது. வாலிபர்கள் படிப்பு, வேலை என்று வெளியேறிவிட்டார்கள், ஞாயிறு பள்ளி நின்றே போயிற்று, ஆராதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிரசங்கம் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள். சென்ற ஆண்டு நான்கைந்து பெண்கள் சேர்ந்து விடியற்காலை ஜெபம் தொடங்கினார்கள். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூப்பர் ஒருவர் பிரசங்கத்தின் நடுவே எழுந்து நின்று, கட்டட நிதிப் பணத்தை முன்பொரு சமயம் தன் சொந்தச் செலவுக்கு எடுத்ததைச் சொல்லி அழுதார். மறுநாளே அதை ஒரு துணிப்பையில் கொண்டுவந்து போதகர் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு சபையே மாறிப்போனது, எழுப்புதல் என்று சபைகளில் சொல்கிற பக்தி எழுச்சி அது. நிலத்தகராறில் முகம் பார்க்காமல் இருந்த அண்ணன் தம்பி இருவர் திருவிருந்துக்கு முன் ஒப்புரவானார்கள். இரவு ஜெபம் தினமும் நள்ளிரவைத் தாண்டியது. பக்கத்து ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்நிய பாஷை (ஆவியின் ஏவுதலால் பேசுவதாக நம்பப்படும் புரியாத மொழி), தீர்க்கதரிசனம், சுகமளிக்கும் ஜெபம் எல்லாம் நடந்தன.

இப்போது கூட்டம் குறைகிறது. இரவு ஜெபத்தில் மிச்சமிருப்பது ஆரம்பித்த அதே பெண்கள்தான். ஏன் என்று கேட்டால் பலரும் இவருடைய கணவரைக் கைகாட்டுகிறார்கள். அவர் கமிட்டியில் நெடுநாள் பொருளாளராக இருந்தவர். மூப்பர் திருப்பிக் கொடுத்த பணத்தைக் கணக்கில் எழுதி ரசீது போட வேண்டும் என்று அவர் கேட்க, "மன்னிக்கப்பட்டதைத் தோண்டுகிறார்" என்று பேச்சு எழுந்தது. ஒரு நாள் இரவு ஜெபத்தில் ஒருவர், "இந்தப் பாளயத்தில் ஒரு ஆகான் இருக்கிறான்" என்று தீர்க்கதரிசனமாகச் சொல்ல, எல்லார் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது (விலக்கப்பட்ட பொருளைத் திருடி மறைத்து, இஸ்ரவேலர் எல்லாருக்கும் தோல்வி வரக் காரணமானவன் என்று வேதாகமம் சொல்கிற ஆள்தான் ஆகான்). அன்றிலிருந்து அவர் சபைக்கு வருவதில்லை, எல்லாமே வெறும் நாடகம் என்கிறார். மனைவியோ தினமும் ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லி விண்ணப்பம் வைக்கிறார். இதற்கிடையில் ஒரு வெளியூர் ஊழியக்காரர், பத்து நாள் கூட்டம் வைத்தால் அணைகிற அக்கினியை மறுபடி மூட்டித் தருவதாகச் சொல்கிறார். அந்த நாட்களில் விழும் காணிக்கையை எண்ணாமல் அப்படியே தன்னிடம் தர வேண்டும் என்பது நிபந்தனை. போதகருக்குச் சம்மதம்தான், ஆனால் அவர் சரியாகத் தூங்கியே பல மாதம் ஆகிறது. கடைசிப் பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம் போகிற போக்கில் வருகின்றன. ஒரு இளம்பெண் எல்லார் முன்பும் செய்த பாவ அறிக்கை கைபேசியில் பதிவாகிச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வலிப்பு நோயுள்ள ஒரு பள்ளி மாணவி, சுகமாகிவிட்டது என்று சொல்லப்பட்டதால் மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள்.

ஆவியானவர் எங்களை விட்டுப் போய்விட்டாரா, என் கணவரின் எதிர்ப்புதான் காரணமா, அந்த ஊழியக்காரரை அழைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். அது தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை.

முதலில் அந்தப் பிள்ளையின் மாத்திரை

இதைப் படித்து முடித்ததும் அந்த வீட்டுக்குப் போங்கள், முடியாவிட்டால் அவளுடைய அம்மாவிடம் போனிலாவது பேசுங்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வலிப்பு வரலாம், ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது என்று விடாமல் தொடரலாம், அது உயிருக்கே ஆபத்து. நிறுத்தி இத்தனை நாளாகியும் வரவில்லையே என்பதைச் சுகமானதற்கு அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பலருக்கு ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கும். மருத்துவர்களே, பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பு வராமல் இருந்த பிறகுதான் மருந்தைக் குறைப்பது பற்றி யோசிப்பார்கள், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில். விட்ட மாத்திரையை எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதையும் வீட்டிலேயே முடிவு செய்யாமல் அவளைப் பார்க்கிற மருத்துவரிடம் இன்றே கேட்கச் சொல்லுங்கள். சில மருந்துகளைப் பழைய அளவிலேயே ஒரேயடியாக ஆரம்பிக்கக் கூடாது. ஜெபக் கூட்டத்தில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்தான். பிசாசு பிடித்திருக்கிறது என்று சுற்றி நின்று சத்தம் போடுகிற நேரம் அது இல்லை.

மாத்திரை போட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமே என்று அந்தக் குடும்பம் பயப்படும். குஷ்டரோகிகளை இயேசு என்ன செய்யச் சொன்னார் என்று அவர்களிடம் கேளுங்கள். போய் ஆசாரியருக்குக் காண்பியுங்கள் என்றார். சுகத்தைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு அன்றைக்கு இருந்தவர்களிடமே அனுப்பினார். கர்த்தர் சுகமாக்கியிருந்தால் அது மருத்துவரின் பரிசோதனைக்கும் நிற்கும், அவரே மருந்தைக் குறைத்துக்கொண்டு வருவார். இன்னொன்று, "மாத்திரையைப் போடம்மா" என்று அவளிடம் சொல்ல வேண்டியவர் அவளுக்காக ஜெபித்த அதே நபர். மருத்துவரும் நீங்களும் மட்டும் சொன்னால், என் விசுவாசம் போதவில்லை போலிருக்கிறது என்று அந்தப் பிள்ளை தன்னையே குற்றப்படுத்திக்கொள்ளும்.

கைபேசியில் சுற்றுகிற அறிக்கை

இரண்டாவது அவசரம் இது. பாவத்தை அறிக்கை செய்தால் எல்லார் முன்பும்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் உண்மையான மனந்திரும்புதல் என்று உங்கள் சபையில் ஒரு எண்ணம் வேரூன்றிவிட்டதாகத் தெரிகிறது. மூப்பர் எழுந்து நின்றதைப் பார்த்து வந்த எண்ணமாக இருக்கலாம். ஆனால் மூப்பர் எடுத்தது சபையின் பணம், அவர் சபைக்கு முன்பாகச் சொன்னது பொருத்தம். தேவனுக்கு விரோதமாகச் செய்ததைத் தேவனிடமும், ஒரு மனுஷனுக்கு விரோதமாகச் செய்ததை அந்த மனுஷனிடமும் சொன்னால் போதும். உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்றுதான் ஆண்டவர் சொன்னார். அவனைப் பற்றி ஆலயத்தில் எழுந்து நின்று பேசு என்று சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் அறிக்கையில் இன்னொருவருடைய பெயரும் வந்தது என்கிறீர்கள். அவர் சம்மதம் இல்லாமல் அவர் வாழ்க்கை ஊர் முழுக்கப் போயிருக்கிறது. இப்படிப் பரப்பினவர்கள் மேல் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப் பல நாடுகளில் இடம் உண்டு, ஜெபக் கூட்டத்தில் எடுத்தது என்பதால் அது இல்லாமல் போகாது. எனவே போதகரும் கமிட்டியில் இருவரும் வீடுவீடாகப் போய்ப் பேசி அழிக்கச் சொல்லுங்கள். பொதுவாக அறிவிப்புக் கொடுத்தால் இதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். இனி ஜெப நேரத்தில் கைபேசி வெளியே எடுக்கப்படக் கூடாது, அதற்கு விதிவிலக்கும் வேண்டாம். மனம்விட்டுப் பேச வேண்டும் என்று வருகிற பெண்களுக்கு, ரகசியம் காக்கத் தெரிந்த இரண்டு மூத்த பெண்களைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், நான் கவலைப்படுவது இதற்குத்தான்: அவள் அறிக்கை செய்தது அவளுடைய பாவம்தானா? என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சின்ன வயதில் தனக்கு ஒருவர் இழைத்த கொடுமையைத் தன் பாவமாகவே நினைத்துக்கொண்டு அதற்கு மன்னிப்புக் கேட்கிற பெண்களை. உங்கள் கடிதத்தில் விவரம் இல்லை, நானாக ஊகிக்கவும் விரும்பவில்லை. ஆனால் அவள் அப்போது சிறுமியாக இருந்திருந்தாலோ, கட்டாயப்படுத்தப்பட்டிருந்தாலோ அது சட்டத்தின் முன் போக வேண்டிய குற்றம். இரண்டு பேரையும் பீடத்தின் முன் நிறுத்தி மன்னித்துவிடு என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். அவளுக்குத் துணையாக ஒருவர் இருந்து, அவள் என்ன விரும்புகிறாள் என்று கேட்டு, சட்ட உதவிக்கு அழைத்துப்போக வேண்டும். சம்பந்தப்பட்டவள் இப்போதும் பதினெட்டுக்குக் கீழே என்றால் யாருடைய விருப்பத்துக்கும் காத்திருக்காமல் புகார் செய்ய வேண்டும்.

எப்படியிருந்தாலும் அவளை ஒருவர் அடிக்கடி போய்ப் பார்க்கட்டும். சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, வெளியே வருகிறாளா? எழுப்புதலின் வெளிச்சத்தில் சிலர் நொறுங்கிப்போவதும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் ஜோனத்தான் எட்வர்ட்ஸ் என்பவர் போதகராக இருந்த நார்தாம்ப்டன் சபையில் 1734, 1735-ல் பெரிய எழுப்புதல் வந்தது, 300 பேருக்கு மேல் மனந்திரும்பினார்கள் என்று அவர் எழுதினார். அதே 1735 ஜூன் மாதத்தில் அவருடைய சொந்த உறவினர் ஒருவர், தன் ஆத்துமாவைப் பற்றிய கடும் மனச்சோர்வில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எட்வர்ட்ஸ் அதை மறைக்கவில்லை, எழுப்புதலின் வரலாற்றோடு சேர்த்தே எழுதினார். உயிரோடு இருக்க விருப்பமில்லை என்கிற மாதிரி அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் தனியே விடாமல் உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோங்கள்.

ஆகான் யார்?

இப்போது உங்கள் வீட்டுக்காரர். உங்கள் கடிதத்தின் பெரும்பகுதி அவரைப் பற்றித்தான், வருத்தத்தோடுதான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவர்தான் தடை என்பதை நீங்களும் பாதி நம்பிவிட்டீர்கள்.

யோசுவா 7-ஐ எடுத்து நிதானமாகப் படியுங்கள். திருடியவனைக் கண்டுபிடிக்கக் கோத்திரம், வம்சம், குடும்பம், ஆள் என்று சீட்டு விழுகிறது. ஜனங்களின் தலைவனான யோசுவா ஆகானை நேரில் நிறுத்திக் கேட்கிறான். அவன் ஒப்புக்கொள்கிறான், என்னென்ன எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: ஒரு பாபிலோனியச் சால்வை, இருநூறு சேக்கல் வெள்ளி, ஐம்பது சேக்கல் நிறையுள்ள ஒரு பொன்பாளம். அதற்குப் பிறகும் ஆள் அனுப்பிக் கூடாரத்தைத் தோண்டிப் பொருளை எடுத்து எல்லார் முன்பும் வைக்கிறார்கள். உங்கள் இரவு ஜெபத்தில் நடந்தது என்ன? பெயரும் சொல்லாமல், என்ன குற்றம் என்றும் சொல்லாமல், ஒரு வார்த்தை வீசப்பட்டது. ஏற்கெனவே ஜனங்களுக்குக் கோபம் இருந்த ஆள்மேல் அது போய் விழுந்தது. தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறாரே, உங்கள் சபையில் அந்த இரண்டாவது பாதியை யார் செய்தார்கள்?

நிதானிக்காத தீர்க்கதரிசனத்தால் நல்ல எழுப்புதல்களே திசைமாறியிருக்கின்றன. 1860-ல் திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பன் என்ற உள்ளூர் ஊழியரின் நாட்களில் எழும்பிய எழுப்புதல் மலைக்கு மேற்கே திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே 1870-களில் இன்னொரு அலை எழும்பியபோது, 1881-ல் கிறிஸ்து வருவார் என்று ஒரு கூட்டத்தார் வருடமே குறித்துவிட்டார்கள். அந்த வருடம் வந்து போனது. அதை நம்பினவர்களும் முழு மனதோடு ஜெபித்தவர்கள்தான்.

சரி, உங்கள் கணவர் செய்த குற்றம் என்ன என்று உங்கள் கடிதத்திலேயே தேடினேன். திரும்பி வந்த பணத்தைக் கணக்கில் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். சகோதரி, உங்கள் சபையில் இந்த ஒரு வருடத்தில் நடந்தவற்றில் என்னை அசைத்தது அந்தத் துணிப்பைதான். அந்நிய பாஷையும் நள்ளிரவு ஜெபமும் அதற்குப் பிறகுதான். அந்தப் பையில் வந்ததைச் சபையின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொன்ன ஒரே ஆள் எழுப்புதலுக்கு விரோதியா? இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு வாயால் மட்டும் மனந்திரும்பவில்லை, நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்கோடு பேசினான். எருசலேமுக்குக் கொண்டுபோன தர்மப் பணத்தைப் பவுல் தனியாகச் சுமக்காமல் நம்பகமான சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனதும், கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க வேண்டும் என்றுதான், 2 கொரிந்தியர் 8-ல் இருக்கிறது. ரசீது அந்த மூப்பருக்கே பாதுகாப்பு. இன்றைக்கு எல்லாருக்கும் அவர் அழுதது ஞாபகம் இருக்கிறது. பத்து வருடம் கழித்து, அவர் எடுத்தது மட்டும் ஞாபகத்தில் இருக்கும், கொடுத்தாரா என்று கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. எல்லாமே நாடகம் என்பது காயப்பட்ட மனுஷனின் பேச்சு. பேசாதிருந்த அண்ணன் தம்பி பேசினதை நாடகம் என்று சொல்ல முடியாது. கண்ணீரும் நடுக்கமும் பரவசமும் ஆவியானவரின் வேலை என்பதற்கும் ஆதாரம் ஆகாது, இல்லை என்பதற்கும் ஆகாது, வாழ்க்கை எப்படி மாறிற்று என்பதைப் பாருங்கள் என்று எட்வர்ட்ஸ் 1746-ல் ஒரு நூலே எழுதினார். அந்த அளவுகோலை வைத்தால் உங்கள் கணவருக்கும் கேள்வி வரும், அவரைக் கைகாட்டுகிறவர்களுக்கும் கேள்வி வரும்.

இன்று முதல் ஒரு காரியத்தை நிறுத்துங்கள்: ஜெபக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லி விண்ணப்பம் வைப்பதை. உங்களுக்கு அது ஜெபம், ஊருக்கு அது செய்தி. தனியாக ஜெபியுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும். வீட்டில் அவரிடம் சபைக்கு வாருங்கள் என்று ஆரம்பிக்க வேண்டாம். "நீங்கள் அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டது நியாயம், நான் அப்போது உங்கள் பக்கம் பேசியிருக்க வேண்டும்" என்று ஆரம்பியுங்கள். அவர் உடனே இளகிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள், கோபமாக இரண்டு வார்த்தை சொல்லவும் கூடும், கேட்டுக்கொள்ளுங்கள். ஆகான் என்று சொன்னவரைப் போதகர் கமிட்டி முன் கூப்பிட்டு, யாரைச் சொன்னீர்கள், எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும். ஆதாரம் இல்லையென்றால், அதே இரவு ஜெபத்தில், அதே ஆட்கள் முன்னிலையில் வருத்தம் தெரிவிக்கப்பட வேண்டும். தனியாக வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனால் போதாது.

ஆவியானவர் போய்விட்டாரா?

கூட்டம் குறைவதால் மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. நாம் கேள்விப்பட்டிருக்கிற எழுப்புதல்கள் எல்லாவற்றிலும் கூட்டம் குறைந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டில் 1904 அக்டோபர் கடைசியில் லோகர் என்ற ஊரின் சிற்றாலயத்தில் ஒரு சில வாலிபரோடு ஆரம்பித்தது, நாடு முழுக்கப் பரவி லட்சம் பேர் சேர்ந்தார்கள் என்கிறார்கள், 1906-க்குள் அலை இறங்கிவிட்டது. அமெரிக்காவில் வில்மோர் என்ற சிற்றூரில், அஸ்பரி பல்கலைக்கழகத்தின் ஆலயத்தில், 2023 பிப்ரவரி 8-ம் தேதி காலை ஆராதனை முடிந்தும் மாணவர்கள் எழுந்து போகாமல் இருந்ததில் தொடங்கியது. சுமார் இரண்டு வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிய, ஊர் தாங்காது, மாணவர்கள் படிக்க வேண்டும் என்று நிர்வாகத்தாரே பொதுக்கூட்டங்களை முடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பாவத்தினால் நின்றுவிட்டது என்று யாராவது சொல்ல முடியுமா?

உங்கள் சபையின் அளவுக்குப் பொருந்துகிற ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சின்ன கிராமம், பல இடங்களிலிருந்து அடைக்கலம் தேடி வந்த சில நூறு விசுவாசிகள், ஓயாத சண்டை. 1727 மே மாதம் அவர்கள் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள்: ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வது, ஊர்க் காரியங்களை எப்படி நடத்துவது என்று சாதாரண ஒழுங்குகள். ஆகஸ்ட் 13-ல் திருவிருந்தின்போது எழுப்புதல் வந்தது. அந்த மாதக் கடைசியில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஒரு நாளின் மணி நேரங்களைப் பங்கிட்டுக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார்கள், அந்த ஜெபச் சங்கிலி நூறு ஆண்டு தொடர்ந்ததாகச் சொல்கிறார்கள். கூட்டத்தை அவர்கள் தக்கவைக்கப் பார்க்கவில்லை. ஆளுக்கு ஒரு மணி நேரம், முடிந்ததும் அவரவர் வேலை.

பலிபீடத்தின் அக்கினி ஒருபோதும் அவிந்துபோகலாகாது என்ற லேவியராகமம் 6-ம் அதிகார வசனத்தை அந்த ஊழியக்காரர் உங்களுக்கு எழுதியிருக்கிறார். அதற்கு முந்தின இரண்டு மூன்று வசனத்தையும் அவர் எழுதியிருக்கலாம். ஆசாரியன் சாம்பலை அள்ளுகிறான், உடையை மாற்றிக்கொண்டு அதைப் பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறான், காலைதோறும் கட்டைகளைப் போடுகிறான். அக்கினி அவியாமல் இருந்தது இந்த வேலையால். உங்கள் சபையில் அள்ள வேண்டிய சாம்பல் என்ன என்று மேலே சொல்லிவிட்டேன். போட வேண்டிய கட்டை, நின்றுபோன ஞாயிறு பள்ளி. எழுப்புதல் வந்து இத்தனை மாதமாகியும் அதை மறுபடி தொடங்கியதாக நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது உறுத்துகிறது. அந்த அண்ணன் தம்பி நிலத்தகராறும் அப்படித்தான், கட்டிப்பிடித்து அழுததோடு விட்டால் விதைப்புக் காலத்தில் மறுபடி கிளம்பும். அளந்து, எழுதி, இருவரும் கையெழுத்திட்டு முடிக்க யாராவது உதவுங்கள்.

ஊழியக்காரரும் போதகரும்

ஊழியக்காரரை அழைக்க வேண்டாம். எண்ணாமல் தர வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றே போதும், வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இனி யார் வந்து பேசினாலும் காணிக்கையை உங்கள் சபையார் இருவர் எண்ணி எழுதிய பிறகு, கமிட்டி தீர்மானித்த தொகையைக் கொடுங்கள். அஸ்பரியில் பெயர்பெற்ற பிரசங்கிகள் பலர் வந்தும் அவர்களை மேடையேற்றவில்லை என்பதையும் போதகருக்குச் சொல்லுங்கள்.

போதகர் ஏன் சரி என்றார் என்பது எனக்குப் புரிகிறது. பத்து நாள் வேறொருவர் பாரத்தைச் சுமப்பார் என்றால் களைத்துப்போன மனுஷனுக்கு அதுவே பெரிய ஆறுதல். வேல்ஸ் எழுப்புதலின் முகமாக இருந்த இவான் ராபர்ட்ஸுக்கு அப்போது 26 வயது. ஓய்வில்லாமல் கூட்டம் கூட்டமாக ஓடி, 1906-ல் உடலும் மனமும் தளர்ந்து ஒரு நண்பர் வீட்டில் ஒதுங்கினார், அதற்குப் பிறகு பொது ஊழியத்தில் அதிகம் தென்படவே இல்லை. கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கினதற்கு அடுத்து எலியா தீர்க்கதரிசி சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ் படுத்தபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பிட வைத்தான், தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். உங்கள் போதகருக்கும் அதே வைத்தியம்தான்.

இரவு ஜெபத்தை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள், வாரத்தில் மூன்று நாள் போதும், அதில் இரண்டைப் போதகர் இல்லாமல் நீங்களே நடத்துங்கள். 1857-ல் நியூயார்க்கில் ஒரு சாதாரண விசுவாசி நடத்திய மதிய ஜெபக் கூட்டம் ஆறு பேரோடு ஆரம்பித்து நாடு முழுக்கப் பரவியது, அங்கே ஒரு மணி நேரம்தான் கூட்டம், யார் ஜெபித்தாலும் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். நேரம் குறித்தால் ஆவியானவரைத் தடுப்பதாகிவிடும் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். போதகர் தொடர்ந்து தூங்காமல், படபடவென்று பேசிக்கொண்டு, தனக்குத் தூக்கமே தேவையில்லை என்கிற நிலையில் இருந்தால் அது பக்தி வைராக்கியம் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அவர் மனைவியிடம் பேசுங்கள்.

அந்த ஊழியக்காரருக்குப் பதில் கடிதத்தைக் கமிட்டித் தீர்மானத்தோடு, செயலாளர் என்ற முறையில் நீங்களே எழுதுங்கள், சுருக்கமாக, காரணம் விளக்காமல். போதகரை எழுதச் சொல்லாதீர்கள், தூக்கம் இல்லாத மனுஷனுக்கு முடியாது என்று எழுதுவது கஷ்டம்.